முன்பக்கம் ‘கட கட’ சத்தம்: ஷாக் அப்சார்பர் மாற்றியும் நிற்கவில்லை

கேள்வி: ஜனவரி 18, 2024 (தஞ்சை மாவட்டம் பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

எங்களிடம் 2013-இல் வாங்கிய ஹேட்ச்பேக் கார் இருக்கிறது. 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கார்த்திகை மழைக்குப் பிறகு முன்பக்கம் இடது புறத்திலிருந்து ‘கட கட’ என்று சத்தம் வருகிறது. ஒர்க்ஷாப்பில் முன் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. இப்போது ஸ்டீயரிங் ரேக்கை மாற்ற வேண்டும் என்கிறார்கள். செலவு மிக அதிகம். மாற்றலாமா?

ஜனவரி 18, இரவு

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ரேக், அதாவது ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் பாகம், தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டுதான். ஆனால் தேய்மானத்தை உங்கள் கண்ணுக்கோ கைக்கோ காட்டாமல் மாற்றச் சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஷாக் அப்சார்பரும் அப்படித்தான் மாற்றப்பட்டிருப்பதாகத் தெரிகிறது. அறுவடைப் பணத்திலோ மாதச் சம்பளத்திலோ மிச்சம் பிடித்ததை ஒரு குடும்பம் இப்படிப் பாகம் பாகமாகச் செலவழித்துவிட்டு, அதே சத்தத்தோடு வீடு திரும்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் பொறுக்கவில்லை, ஏனென்றால் செய்ய வேண்டிய சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு ரூபாய் கூடச் செலவு கிடையாது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதைச் சற்று நிறுத்திவிட்டு, எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காரின் கூடு முழுவதும் ஒன்றோடொன்று பற்றவைத்த இரும்புத் தகடு. வலது சக்கரத்தில் எழும் தட்டல் இடது கதவுக்கு அடியில் கேட்பது சாதாரணம். எனவே ‘இடது புறம்’ என்ற உங்கள் காதின் சாட்சியத்தை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன்.

முதலில் காரைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் பை, கதவுப் பைகளில் இருக்கும் தண்ணீர்ப் பாட்டில்கள், இருக்கைக்கு அடியில் உருண்டு கிடப்பவை அனைத்தையும் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, யாரும் அமராத இருக்கைகளின் பெல்ட்டுகளையும் மாட்டிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். இது அற்பமான யோசனையாகத் தோன்றலாம். ஸ்டெப்னியின் திருகு தளர்ந்ததால் வந்த தட்டலுக்குப் பின்பக்க ஷாக் மாற்றியவர்களை நான் அறிவேன்.

பிறகு இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். இரண்டு முன்சக்கரங்களும் ஒருசேர வேகத்தடை மீது ஏறி இறங்கும்போது சத்தம் வருகிறதா, அல்லது ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது வருகிறதா? கரடுமுரடான சாலையில் மெதுவாகப் போகும்போது பிரேக்கை லேசாகத் தொட்டால் நிற்கிறதா? நின்ற நிலையில் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பினால் ஏதாவது கேட்கிறதா? முழுவதும் திருப்பியபடி முடுக்கினால் ‘டிக் டிக்’ என்று வருகிறதா? ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னே நகரும் கணத்தில் ஒரே ஒரு ‘டொக்’ உண்டா?

ஜனவரி 19

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஷாக் அப்சார்பர் அண்மையில் கழற்றி மாட்டப்பட்டிருப்பதால், அந்த வேலையே புதிய சத்தத்தைக் கொண்டுவந்திருக்கவும் கூடும். பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மேல்முனை காரின் உடலோடு சேரும் இடத்தில் விரல்களை வைத்துக்கொண்டு, வேறொருவரை அந்த மூலையை அழுத்தி அழுத்தி விடச் சொல்லுங்கள். நடு நட்டு சரியாக இறுகாமல் இருந்தால் விரலுக்குத் தட்டல் தெரியும். ஆனால் நீங்களாக அந்த நடு நட்டைத் தளர்த்தாதீர்கள். அதற்குக் கீழே அழுத்தப்பட்ட நிலையில் ஸ்பிரிங் இருக்கிறது; ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் அதைக் கழற்றினால் உயிருக்கே ஆபத்து.

ஜனவரி 20

பதில்கள் வந்துவிட்டன, நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். காரைக் காலி செய்த பின்னும் சத்தம் இருக்கிறது. ஸ்ட்ரட்டின் மேல்முனையில் தட்டல் இல்லை. வேகத்தடையில் இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறும்போது அமைதி. பேருந்துக்கு வழிவிட இடப்புறம் ஒதுங்கி, தார் விளிம்பிலிருந்து ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் மண்ணில் இறங்கி ஏறும்போது ‘கட கட’ என்று உறுதியாக வருகிறது. பிரேக்கைத் தொட்டாலும் மாற்றமில்லை. நின்றபடி திருப்பினாலும், திருப்பியபடி முடுக்கினாலும் ஒன்றுமில்லை. ரிவர்ஸிலிருந்து முன்னே நகரும்போது ‘ஏதோ இருப்பது போல், இல்லாதது போல்’ என்கிறீர்கள். அதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

பிரேக்கைத் தொட்டால் நின்றுவிடும் கடகடப்பு பெரும்பாலும் பிரேக்கின் காலிப்பரிலோ (பேடுகளை அழுத்தும் பாகம்) பேடுகளிலோ பிறப்பது. உங்களுடையது அதுவன்று. முழுத் திருப்பத்தில் ‘டிக் டிக்’ இல்லாததால் எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயிண்டும் இல்லை. எஞ்சியவற்றில் என் சந்தேகம் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க் மீது செல்கிறது. மெக்கானிக்குகள் ‘லிங்க் ராடு’ என்பார்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். முன்சக்கரங்கள் இரண்டையும் இணைத்துக் குறுக்கே ஓர் இரும்புத் தண்டு செல்கிறது. அதுதான் ஸ்டெபிலைசர் பார். வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாயும்போது அந்தத் தண்டு முறுகி, சாய்வைக் குறைக்கிறது. தண்டின் இரு முனைகளையும் ஸ்ட்ரட்டோடு சேர்ப்பவை இந்த இரண்டு லிங்குகள். ஒவ்வொரு லிங்கின் இரு நுனிகளிலும் சிறிய பால் ஜாயிண்டுகள், அதாவது கிண்ணத்துக்குள் திரும்பும் குண்டு மூட்டுகள், உள்ளன. இரு சக்கரங்களும் ஒன்றாக எழுந்தால் தண்டு முறுகாமல் தன்னைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்களுக்குள் வெறுமனே சுழன்று கொடுக்கிறது. லிங்குகள் மீது பெரிய விசை விழுவதில்லை. ஒரு சக்கரம் மட்டும் எழுந்தால் தண்டு முறுகுகிறது, அந்த விசை முழுவதும் லிங்க் வழியாகப் போகிறது, தேய்ந்த பால் ஜாயிண்ட் தன் கிண்ணத்துக்குள் அங்கும் இங்கும் மோதுகிறது. உங்கள் பதில் இதற்கு அப்படியே பொருந்துகிறது.

நம் டெல்டாவில் லிங்க் ராடு சீக்கிரம் போவதற்கு வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. குடமுருட்டி, வெட்டாறு, அரசலாறு என்று எந்த ஆற்றங்கரைச் சாலையை எடுத்தாலும் பெரும்பகுதி ஒருவழி அகலம்தான். எதிரே பேருந்தோ நெல் ஏற்றிய லாரியோ வந்தால் நாம் இடப்புறம் இறங்கித்தான் ஆக வேண்டும். விளிம்பில் தார் உடைந்து, கீழே களிமண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, ஒரு சாண் வரை கூடப் பள்ளமாகிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் இடது சக்கரங்கள் மட்டும் இறங்கி ஏறுகின்றன.

ஜனவரி 21

திருவாரூர் அன்பர் ஒருவர், தம் காரின் இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி லிங்கைக் கையால் ஆட்டிப் பார்த்ததாகவும், சற்றும் ஆட்டம் இல்லாததால் லிங்க் நன்றாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். அந்தச் சோதனையை அந்த நிலையில் நம்ப முடியாது. ஒரு சக்கரம் தொங்க, மற்றொன்று தரையில் இருந்தால் ஸ்டெபிலைசர் பார் முறுகிய நிலையில் நிற்கும். லிங்கும் அதனோடு விறைத்து நிற்கும். ஜாயிண்ட் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் கைக்கு ஆட்டம் தெரியாது. இரு சக்கரங்களும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். சர்வீஸ் குழியின் மேல் நான்கு சக்கரங்களும் தரையில் நிற்க, கீழே இருந்து லிங்கைப் பிடித்து ஆட்டுவது சிறந்தது. அல்லது முன்பக்கம் இரண்டையும் ஒருசேரத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் காருக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது. செங்கல் அடுக்குவதும் ஸ்டாண்டுக்கு ஈடாகாது, செங்கல் சொல்லாமல் பிளந்துவிடும்.

ஆட்டிப் பார்த்தும் முடிவு தெரியாவிட்டால் இன்னும் தெளிவான வழி ஒன்று உண்டு. இரு பக்க லிங்குகளையும் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு, வெறிச்சோடிய தெருவில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்டிப் பாருங்கள். சத்தம் அடங்கிவிட்டால் விடை கிடைத்துவிட்டது. அந்த நிலையில் கார் வளைவில் வழக்கத்தைவிட அதிகம் சாயும் என்பதால் நெடுஞ்சாலைப் பக்கம் போக வேண்டாம்.

அதே நாள், மாலை

மேலே சொன்னதில் ஒரு சிறு எச்சரிக்கை விடுபட்டுவிட்டது. ஒரு முனையை மட்டும் கழற்றி லிங்கைத் தொங்கவிட்டு ஓட்டாதீர்கள். அது பிரேக் குழாயிலும் ஏபிஎஸ் ஒயரிலும் உரசும். முழுவதும் கழற்றி எடுத்துவிடுங்கள். தண்டின் வெற்று முனைகளும் எதிலும் இடிக்காதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். நட்டு துருப்பிடித்து லிங்கின் ஸ்டட்டும் (நட்டு ஏறும் மரைத்தண்டு) சேர்ந்து சுழன்றால், ஸ்டட்டின் நுனியில் உள்ள அறுகோணத் துளையில் ஆலன் சாவியை வைத்துப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்ப வேண்டும். துரு நீக்கும் திரவத்தை முந்தைய இரவே தெளித்து வைப்பது நல்லது.

ஜனவரி 23

மன்னார்குடியிலிருந்து ஒரு பெரியவர், கிரீஸ் அடித்தாலே எல்லாச் சத்தமும் போய்விடும், அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தோம் என்கிறார். அந்தக் காலத்து வண்டிக்கு அது முழு உண்மை, ஐயா. எங்கள் வீட்டிலும் அம்பாசடர் இருந்தது. முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், அசையும் மூட்டுகளில் கிரீஸ் நிப்பிள்கள். கிரீஸ் துப்பாக்கியால் புதுக் கிரீஸை ஏற்ற ஏற்றப் பழையது கறுத்து வெளியே வரும். சேறும் நீரும் அதோடு சேர்ந்து வெளியேறிவிடும். அந்த வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றது. இப்போதைய சிறிய கார்களின் மூட்டுகள் ஆலையிலேயே மூடி முத்திரையிடப்பட்டவை, நிப்பிளே கிடையாது. அசைவின் பெரும்பகுதியை ரப்பர் புஷ் தன் நெகிழ்வால் ஏற்றுக்கொள்கிறது. அதற்குள் கிரீஸ் போக வழியும் இல்லை, போக வேண்டிய தேவையும் இல்லை.

இதையொட்டி, பல ஆண்டுகளாகச் சொல்லி வரும் ஒன்றை மீண்டும் சொல்கிறேன். நம் பக்கத்து வாட்டர் சர்வீஸ் நிலையங்கள் சிலவற்றில் கழுவி முடித்ததும் அடிப்பாகத்தில் டீசலையோ கழிவு ஆயிலையோ பீய்ச்சுகிறார்கள். வீடு திரும்பும் வரை கிறீச்சொலி இருக்காது. வாடிக்கையாளருக்கும் மனம் நிறைவாக இருக்கும். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் இயற்கை ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்கிறது. ரப்பர் மென்மையாகிப் பிறகு கிழிகிறது. ஒட்டிய எண்ணெயில் வயல் மண் படிந்து உப்புத்தாள் போல அரைக்கிறது. தயவுசெய்து அதை மறுத்துவிடுங்கள். ரப்பரும் இரும்பும் உரசும் இடத்தில் கிறீச்சொலி உண்மையிலேயே தொல்லை தந்தால் சிலிக்கோன் கிரீஸ் மட்டும் தொடலாம்.

ஜனவரி 25

பாபநாசம் நண்பர் லிங்குகளைக் கழற்றி ஓட்டிப் பார்த்துவிட்டார். ‘கட கட’ முற்றிலும் நின்றுவிட்டது. கழற்றிய இடது லிங்கின் மேல் ஜாயிண்ட் தானாகவே தலை தொங்கும் அளவுக்குத் தளர்ந்திருக்கிறது. ரப்பர் உறை கிழிந்து உள்ளே சேறு. வலது லிங்கும் தளர்ச்சிதான்.

கூடவே அவர் எழுதியிருக்கும் வேறொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடகடப்பு நின்றதும், அதற்கு அடியில் மறைந்திருந்த மந்தமான ‘டொக்’ ஒன்று இப்போது தெளிவாகக் கேட்கிறதாம். பிரேக் போட்டுக் கார் நிற்கும் கணத்தில் ஒன்று; ரிவர்ஸிலிருந்து முன்னே நகரும்போது ஒன்று. அன்று ‘இருப்பது போல், இல்லாதது போல்’ என்றது இதுவே. பழைய கார்களில் ஒரே ஒரு சத்தம் மட்டும் இருப்பது அரிது. ஒன்றைத் தீர்த்ததும் இன்னொன்று கேட்டால், முதல் பழுதுபார்ப்பு தோற்றுவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

ஜனவரி 26

அந்த ‘டொக்’ எதனால் என்று இனிப் பார்ப்போம். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தின் அடிப்பகுதியைக் காரின் உடலோடு இணைக்கும் கை. வெளி முனையில் பால் ஜாயிண்ட், உள் முனையில் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு ரப்பர் புஷ்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. கார் நின்றதும் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. இந்த முன்பின் அசைவைத் தாங்குவதில் பின்புறப் புஷ்ஷுக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் ரப்பர் கிழிந்துவிட்டால் உள்ளிருக்கும் இரும்புக் குழல் வெளி வளையத்தில் மோதும். விசையின் திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு ‘டொக்’.

சோதனை எளிது. குழியின் மேல் காரை நிறுத்தி, ஒருவர் உள்ளே அமர்ந்து, ஓர் அடி முன்னே நகர்த்திப் பிரேக் போட்டு, ஓர் அடி பின்னே நகர்த்திப் பிரேக் போட வேண்டும். கீழே இருப்பவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்புஷ்ஷையே பார்க்க வேண்டும். ஆர்ம் கண்ணுக்குத் தெரியும்படி முன்பின்னாகத் துள்ளினால் வேறு சான்று வேண்டியதில்லை. ஆளைக் குழிக்குள் வைத்துக்கொண்டு காரை நகர்த்துவதால் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அந்த ஓர் அடி நகர மட்டும் இடம்விட்டுக் கட்டை வைத்து, எஞ்சினை இயக்காமல் கையால் தள்ளியே செய்யுங்கள். அந்த விசையே போதும். பிறகு சிறு கடப்பாரையைப் புஷ்ஷுக்குப் பக்கத்தில் கொடுத்து நெம்பிப் பாருங்கள். ரப்பரின் மேற்பரப்பில் உள்ள மெல்லிய கோடுகள் வயதின் அடையாளம் மட்டுமே. ஆழமான பிளவும், ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து நிற்பதும்தான் பழுது.

அதே நேரத்தில் பால் ஜாயிண்டையும் பார்த்துவிடுங்கள். ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் வடிவமைத்த ஸ்ட்ரட் முறைதான் உங்கள் காரின் முன்பக்கமும். இதில் காரின் எடையை ஸ்ட்ரட் தாங்குவதால், உடலைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டாலே கீழ் ஜாயிண்டின் ஆட்டம் வெளிப்படும். கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் சக்கரத்தைப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங்; மறையாவிட்டால் ஜாயிண்ட் பக்கம் தேடுங்கள். மற்ற சத்தங்களோடு சில மாதம் வாழலாம், ஆட்டம் கண்ட பால் ஜாயிண்டோடு ஒரு நாளும் ஓட்டக் கூடாது. அது கழன்றால் சக்கரம் வெளியே சரிந்து கார் கட்டுப்பாட்டை இழந்துவிடும்.

ஜனவரி 28

இரு பக்கமும் பின்புஷ் பிளந்திருப்பதாகவும், பால் ஜாயிண்டுகள் நன்றாக இருப்பதாகவும் செய்தி. புஷ்ஷை மட்டும் மாற்றலாமா, முழு ஆர்மையே மாற்றலாமா என்று கேட்கிறார். புஷ் தனியாகக் கிடைத்து, அழுத்திப் பொருத்தும் பிரஸ் உள்ள பட்டறையும் அருகில் இருந்தால் புஷ் போதும். சுத்தியலால் அடித்து ஏற்றுபவரிடம் கொடுக்க வேண்டாம். வளையம் கோணலானால் புதுப் புஷ் ஓராண்டு கூடத் தாங்காது. உங்கள் காரின் பால் ஜாயிண்ட் ஆர்மோடு சேர்ந்தே வருவது. அதுவும் 92,000 கிலோமீட்டர் பார்த்துவிட்டது. கூலி எப்படியும் ஒன்றுதான் என்பதால், தரமான முழு ஆர்மை இரு பக்கமும் போடுவதையே நான் விரும்புவேன்.

இந்த இழையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அடுத்த பத்தியை வைத்துக்கொள்ளுங்கள்.

புஷ்ஷின் வெளிவளையம் ஆர்மில் இறுகியிருக்கிறது. உள்குழலைப் போல்ட் உடலோடு இறுக்கிப் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர், ஆர்ம் ஏறி இறங்கும்போது முறுகிக் கொடுக்கிறது. காரைத் தூக்கி, சக்கரம் கீழே தொங்கும் நிலையில் போல்ட்டை முழுவதும் இறுக்கிவிட்டால், ரப்பர் அந்தத் தொங்கும் நிலையையே தன் இயல்பு நிலையாக எடுத்துக்கொள்ளும். காரை இறக்கியதும் ஆர்ம் மேலே எழும். ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையில் நிற்கும். காலை முதல் இரவு வரை, கார் ஓடாமல் நிற்கும்போதும் அந்த முறுக்கு விடுவதில்லை. அதன் மேல் ஒவ்வொரு பள்ளமும் இன்னும் முறுக்குகிறது. புதுப் புஷ் சில மாதங்களில் கிழிந்துவிட்டதாகச் சொல்லப்படும் பல இடங்களில் பாகத்தின் தரத்தை மட்டுமே பழிக்கிறார்கள். இறுக்கிய நிலையை யாரும் கேட்பதில்லை.

எனவே போல்ட்டுகளை முதலில் கையிறுக்கமாக மட்டும் பூட்டி, காரை இறக்கி, அதன் எடை சக்கரங்களில் அமர்ந்த பிறகு, குழியில் நின்று கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். குழி இல்லாத இடத்தில், வேலை தொடங்கும் முன்பே சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் வளைவு விளிம்பு வரை உள்ள தூரத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும், கார் ஸ்டாண்டில் உறுதியாக நிற்க, ஆர்மின் வெளி முனைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, அந்த அளவு வரும் வரை உயர்த்தி, அந்த நிலையில் இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பதை அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்சால் கொடுக்க வேண்டும். சக்கர நட்டுகளுக்கே சிறிய கார்களில் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை சொல்கிறார்கள், மூன்றடிக் குழாயை ஸ்பேனரில் செருகி முழு உடல் எடையையும் கொடுத்தால் அது எங்கேயோ போய்விடும். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுகளைப் புதிதாகவே போடுங்கள்.

மெக்கானிக்கிடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். ‘இறக்கி வைத்துக் கடைசியாக இறுக்குங்கள், அண்ணே’ என்று முன்னதாகவே சொல்லிவிட்டு, அருகில் நில்லுங்கள். நல்ல மெக்கானிக் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஜனவரி 30

வேதாரண்யத்திலிருந்து எழுதியவருக்கு: நின்ற நிலையில் கார் ஒரு பக்கம் விரற்கடை தாழ்ந்திருக்கிறது, திருப்பும்போது ‘டங்’ என்கிறது என்றால் காயில் ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்றைப் பாருங்கள். சேறு அங்கேதான் தங்கும். உப்பளக் காற்றும் சேர்ந்தால் வண்ணம் உரிந்து, துரு குழி பறித்து, அந்த இடத்தில் ஸ்பிரிங் ஒடியும். ஒடிந்த துண்டு ஸ்பிரிங் அமரும் தட்டிலேயே தங்கியிருப்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு விரலை ஓட்டிப் பாருங்கள். ஒடிந்த நுனி டயரில் குத்தும் அபாயம் இருப்பதால் அந்தக் காரைச் சரிசெய்யும் வரை வெளியே எடுக்க வேண்டாம். இரு பக்க ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஜனவரி 31

மயிலாடுதுறை வாசகரின் சத்தம் வேறு வகை. நின்றபடி ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ‘டொய்ங்’ என்று கம்பி அதிர்வது போல் வருகிறது, சக்கரமும் விட்டுவிட்டுத் திரும்புவது போலிருக்கிறது என்கிறார். ஒருவர் திருப்ப, மற்றவர் ஸ்பிரிங்கின் மீது உள்ளங்கையை மெல்ல வைக்க வேண்டும். விரல்களைச் சுற்றுகளுக்கு இடையில் நுழைக்கக் கூடாது. ஸ்பிரிங் முதலில் அசையாமல் இருந்து, பிறகு துள்ளி நகர்ந்தால் ஸ்ட்ரட் மேல்முனையில் உள்ள பேரிங் இறுகிவிட்டது. மழைநீரும் மண்ணும் அதற்குள் போயிருக்கும். ஷாக் நன்றாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு, மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையை உடலோடு பிடிக்கும் தாங்கி), பேரிங் இரண்டையும் மட்டும் மாற்றலாம். ஷாக் நன்றாக இருக்கிறதா என்று அறிய, தண்டு நுழையும் இடத்தில் ஆயில் வழிந்து ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். லேசான ஆவிப்படலம் பழுதன்று, வழிந்து சொட்டும் ஈரம் பழுது.

பிப்ரவரி 6

பாபநாசம் காரில் லிங்குகளும் லோயர் ஆர்ம்களும் மாற்றப்பட்டுவிட்டன. கார் தரையில் நிற்கக் கடைசி இறுக்கம் கொடுத்ததைத் தாமே நின்று பார்த்ததாக எழுதியிருக்கிறார். ‘கட கட’ இல்லை, ‘டொக்’ இல்லை. கும்பகோணம் வரை வயதான தாயாரை அழைத்துச் சென்று வந்ததாகவும், அவர் வழியில் ஒருமுறை கூட முதுகைப் பிடித்துக்கொள்ளவில்லை என்றும் எழுதியிருப்பதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன்.

ரேக் விஷயத்தையும் முடித்துவிடலாம். ரேக்கைச் சோதிக்கச் சக்கரங்கள் தரையில் இருக்க வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு விரற்கடை அளவுக்கு இடமும் வலமும் வேகமாக ஆட்ட, மற்றவர் கீழே இருந்து ரேக்கைச் சக்கரங்களோடு இணைக்கும் தண்டுகளின் வெளி முனைகளான இரண்டு டை ராடு எண்டுகளையும், ரப்பர் துருத்திக்கு மேலாக உள் ஜாயிண்டையும், ரேக்கின் உடலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் கைக்குத் தட்டல் தெரிகிறதோ அதுதான் தேய்ந்தது. உள் ஜாயிண்டான ரேக் எண்ட் மட்டும் தேய்ந்து, அதைத் தனியாக மாற்றினாலே தீர்ந்திருக்கும் இடத்தில் முழு ரேக்கும் மாற்றப்படுவதுண்டு. உங்கள் காரில் இப்படித் தொட்டுப் பார்த்தபோது எங்குமே தட்டல் இல்லை என்கிறீர்கள். ஆகவே ரேக்குக்கு ஒரு பழுதும் இல்லை.

பிப்ரவரி 11

சம்பா அறுவடைக் காலம் என்பதால் இதை இங்கேயே எழுதுகிறேன். அறுவடை இயந்திரங்களும் டிராக்டர்களும் வயலிலிருந்து ஏறும் இடங்களில் சாலை முழுவதும் களிமண் அப்பிக் கிடக்கிறது. அது சக்கரத்தின் உள்விளிம்பில் ஒட்டிக் காய்ந்துவிட்டால் சக்கரத்தின் சமநிலை கெட்டு, 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். தஞ்சாவூர்–விக்கிரவாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் நடுக்கம் கண்டு, சஸ்பென்ஷன் போய்விட்டது என்று பயந்தவர்கள் உண்டு. முதலில் சக்கரங்களின் உட்புறத்தைக் கழுவிப் பாருங்கள். சாலையில் பரப்பிய வைக்கோல் மீது ஓட்டியிருந்தால் குனிந்து அடிப்பாகத்தையும் பாருங்கள். டிரைவ் ஷாஃப்ட்டைச் சுற்றிக்கொண்ட வைக்கோல் அதன் ரப்பர் உறைக்குக் கேடு. சூடான சைலன்சர் குழாயில் சிக்கியது தீப்பிடிக்கும்.

பிப்ரவரி 27

அலைன்மெண்ட் செய்துவிட்டதாகவும், முன் டயர்கள் இரண்டிலும் உள்விளிம்பு கூடுதலாகத் தேய்ந்திருப்பதை இப்போதுதான் கவனித்ததாகவும் பாபநாசம் நண்பர் எழுதியிருக்கிறார். கிழிந்த புஷ்கள் பிரேக் போடும்போதெல்லாம் சக்கரத்தைக் கோணலாக விட்டிருக்கும். பெரும்பாலும் அந்தத் தேய்மானம் அதன் தடயம். அலைன்மெண்ட் அறிக்கையைப் பார்த்தேன், டோ அளவு (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) இப்போது சரியாக இருக்கிறது. உள்விளிம்பின் தேய்மானம் டயர் பள்ளத்தில் உள்ள அடையாளக் கட்டையை எட்டாத வரை அந்த டயர்களைப் பயன்படுத்தலாம். காற்றழுத்தத்தை ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். கூடுதலாக அடித்தால் புதுப் புஷ்களுக்கும் லிங்குகளுக்கும் அதிர்ச்சி கூடும்.

பனிக்காலை நேரத்தில் மட்டும் வேகத்தடையில் மெல்லிய ‘கிறீச்’ கேட்கிறது என்பது அவருடைய கடைசிக் கேள்வி. வெயில் ஏறியதும் அது மறைந்துவிடுகிறதாம். அது ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் டி புஷ். குளிரில் ரப்பர் இறுகித் தண்டின் மேல் உரசுகிறது. இதனால் ஆபத்து எதுவும் இல்லை. அதன் கிளாம்ப் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு, அடுத்த சர்வீஸின்போது மாற்றிக்கொள்ளுங்கள். சில கார்களில் அந்தப் போல்ட்டை எட்டச் சப்ஃபிரேமை (சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டம்) சற்று இறக்க வேண்டியிருக்கும். அதற்காகவென்றே இப்போது காரைக் கழற்ற வேண்டாம்.